மறுவாழ்வு மையத்திலிருந்து வீடு வந்த பிறகு

காலை ஒன்பது மணி. கட்டிலின் ஓரத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். மடியில் மடிப்புக் கலையாத சட்டை. அடுத்த அறையிலிருந்து அம்மா கேட்கிறார்: "சட்டையைப் போட்டுவிட்டாயா?" "இதோ, போடுகிறேன் அம்மா." பதில் உடனே, தெளிவாக வருகிறது. இருபது நிமிடம் கழித்து எட்டிப் பார்த்தால் சட்டை அதே மடியில், அதே மடிப்பில் இருக்கிறது. கை வேலை செய்கிறது, கால் வேலை செய்கிறது. நேற்று யார் துணையும் இல்லாமல் மாடி ஏறினார். சொன்னது புரியவில்லையா என்றால், புரிந்திருக்கிறது. அப்படியானால் இது என்ன? பெரும்பாலான வீடுகளில் இதற்கு முதலில் சூட்டப்படும் பெயர் சோம்பல். இரண்டாவது பெயர் பிடிவாதம். இரண்டுமே தவறு.

தலையில் கடுமையாக அடிபட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவைத் தாண்டி, மறுவாழ்வு மையத்தில் மாதக்கணக்கில் பயிற்சி பெற்று ஒருவர் வீடு திரும்பும்போது, கதை முடிந்தது என்ற நிம்மதி குடும்பத்துக்கு வருகிறது. உண்மையில் அங்கேதான் நீண்ட பகுதி தொடங்குகிறது. அந்தப் பகுதி எப்படிப்பட்டது, ஏன் அவ்வளவு நீளமானது என்பதை இதைப் பற்றி எதுவும் தெரியாதவருக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

"கடுமையானது" என்று எதைச் சொல்கிறார்கள்?

1974-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் என்ற இரண்டு மருத்துவர்கள் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். கண் திறக்கிறதா, பேச்சு வருகிறதா, கைகால் அசைகிறதா என்ற மூன்றையும் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். முழு நினைவோடு இருப்பவருக்கு 15. எதற்கும் அசையாதவருக்கு 3. தலைக்காயத்துக்குப் பின் 8 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அது கடும் காயம். டிஸ்சார்ஜ் சீட்டில் இந்த எண்ணை நீங்கள் பார்த்திருக்கலாம்.

அதிகம் பேசப்படாத இன்னோர் அளவும் உண்டு. நோயாளி கண் விழித்துவிட்டார், பேசுகிறார், ஆளைக் கூட அடையாளம் காண்கிறார். ஆனால் காலையில் வந்து அழுதுவிட்டுப் போன தங்கையை மாலையில் கேட்டால், "அவள் வரவே இல்லையே" என்கிறார். நடப்பது எதுவும் நினைவில் பதியாத இந்தக் காலம் எவ்வளவு நாள் நீள்கிறதோ, அவ்வளவுக்குக் காயம் ஆழமானது. ஒரு வாரத்தைத் தாண்டினால் மிகக் கடுமையானது என்று எடுத்துக்கொள்வது வழக்கம். சினிமாவில் கோமாவிலிருந்து எழுபவர் கண்ணைத் திறந்ததும் "நான் எங்கே இருக்கிறேன்?" என்று கேட்டு, அடுத்த காட்சியில் வில்லனைத் தேடிப் போய்விடுவார். அந்த ஒரு காட்சி எத்தனை குடும்பங்களின் எதிர்பார்ப்பைக் கெடுத்திருக்கிறது என்று நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது. கண் விழிப்பது முதல் படி. அதன் பிறகு வாரக்கணக்கில் ஒரு மூடுபனி இருக்கிறது. அந்தப் பனி விலகிய பிறகுதான் எது மிஞ்சியிருக்கிறது என்பதே தெரியவரும்.

உள்ளே என்ன உடைகிறது?

எலும்பு முறிவைப் போல ஓரிடத்தில் விழுந்த விரிசலாக இதைக் கற்பனை செய்யாதீர்கள். மூளை மென்மையான பொருள். வேகமாகப் போய்க்கொண்டிருந்த தலை சட்டென்று நின்றால், அல்லது சுழன்றால், உள்ளே இருக்கும் மூளை ஒரே சீராக நிற்பதில்லை. ஒரு பகுதி முந்துகிறது, இன்னொரு பகுதி பிந்துகிறது. நடுவில் ஓடும் நரம்பிழைகள் இழுபட்டுச் சேதமாகின்றன. இந்த இழைகள்தான் மூளையின் ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு இணைக்கும் தந்திகள். அவை அறுந்திருப்பது சாதாரண சி.டி. ஸ்கேனில் பெரும்பாலும் தெரிவதில்லை. "ஸ்கேன் நன்றாகத்தானே இருக்கிறது, பிறகு ஏன் இப்படி?" என்ற குழப்பம் இதனால்தான்.

இன்னொன்று, மண்டையோட்டின் அடித்தளம் வழவழப்பானதல்ல. நெற்றிக்குப் பின்னாலும், கண்ணுக்கும் காதுக்கும் நடுவே உள்ள பொட்டுப் பகுதியை ஒட்டியும் கரடுமுரடான எலும்பு மேடுகள் உண்டு. மூளை நகரும்போது அங்கேதான் உரசி அடிபடுகிறது. திட்டமிடுவது, தொடங்குவது, கோபத்தை அடக்குவது, புதியதை நினைவில் வைப்பது எல்லாம் பெரிதும் அந்தப் பகுதிகளை நம்பியிருக்கின்றன. கையும் காலும் தேறிய பிறகும் மனிதர் "பழையபடி" இல்லாமல் போவதற்கு இந்த எலும்பு மேடுகளும் ஒரு காரணம்.

"இனிமேல் முன்னேற்றம் இருக்காது" என்ற வாக்கியம்

முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். வீக்கம் வடிகிறது, சாகாமல் திகைத்துப்போய்ச் செயலிழந்திருந்த பகுதிகள் மெல்ல வேலைக்குத் திரும்புகின்றன. நேற்று உட்கார முடியாதவர் இன்று நிற்கிறார். பார்க்கப் பார்க்க நம்பிக்கை பெருகும். ஆறு மாதம், ஒரு வருடம் ஆனதும் வேகம் தளர்கிறது. அப்போதுதான் யாராவது ஒருவர் சொல்வார்: "வர வேண்டியது வந்துவிட்டது."

அதில் பாதி உண்மை இருக்கிறது. உடல் தானாகச் செய்துகொள்ளும் பழுதுபார்ப்பு பெரும்பாலும் அந்தக் காலத்துக்குள் நடந்துவிடுகிறது. பிறகு வருவது வேறு வகை மீட்சி: கற்றல். ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது மிஞ்சியிருக்கும் நரம்பு வழிகள் பலப்படுகின்றன, மூளை மாற்றுப் பாதையைப் பிடித்துக்கொள்கிறது. சிதார் கற்பவரின் விரலுக்கு நடப்பதைப் போன்ற ஒன்று இது. அந்த விரலைப் போலவே, பழக்கம் விட்டால் பின்வாங்கவும் செய்யும்.

பின்வாங்குதல் என்று சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவில் 1987 முதல் மூளைக் காயமடைந்தவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் ஒரு பெரிய ஆய்வுத் திட்டம் நடக்கிறது. மிதமான அல்லது கடும் காயத்துக்காக மறுவாழ்வு மையத்தில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்கள் ஐந்து ஆண்டுகள் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்று அதிலிருந்து கணித்திருக்கிறார்கள். 26 விழுக்காட்டினர் முன்னேறியிருந்தார்கள். 22 விழுக்காட்டினர் அப்படியே இருந்தார்கள். 30 விழுக்காட்டினர் பின்தங்கியிருந்தார்கள். மீதி 22 விழுக்காட்டினர் உயிரோடு இல்லை. வயதும் வேறு நோய்களும் இந்தக் கணக்கில் சேர்ந்திருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் ஒன்று தெளிவாகிறது: ஐந்து ஆண்டுகளில் பெரும்பாலோர் நின்ற இடத்திலேயே நிற்பதில்லை. மேலோ கீழோ நகர்கிறார்கள். ஆகவே மூளைக் காயத்தை ஆறிப்போன பழைய விபத்தாகப் பார்ப்பதைவிட, சர்க்கரை நோயைப் போல ஆயுள் முழுதும் கவனிக்க வேண்டிய ஒன்றாகப் பார்ப்பதே சரி என்பது என் கருத்து.

மிக அரிதாக, கணக்கையே மீறும் சம்பவங்களும் உண்டு. டெரி வாலிஸ் என்ற அமெரிக்கர் 1984-இல் வாகன விபத்தில் அடிபட்டார். 2003-இல், 19 ஆண்டுகள் கழித்து, பேசத் தொடங்கினார். முதலில் வந்த சொல் "அம்மா". அவருடைய மூளையை ஸ்கேன் செய்த ஆய்வாளர்கள், நரம்பிழைகள் புதிதாக வளர்ந்திருப்பதற்கான அறிகுறிகளைக் கண்டதாக 2006-இல் எழுதினார்கள். ஆனால் பத்திரிகைகள் சிறிய எழுத்தில் போட்டதையும் சொல்ல வேண்டும்: பேச்சு வந்த பிறகும் அவர் பிறர் உதவியோடுதான் வாழ்ந்தார், பேசத் தொடங்கிய காலத்தில் அவரைப் பொறுத்தவரை ஆண்டு 1984-ஆகவே இருந்தது. இத்தகைய செய்திகளை வாட்ஸ்அப்பில் அனுப்பி "உங்கள் மகனும் எழுந்துவிடுவான்" என்று சொல்லும் உறவினர்களின் நல்லெண்ணம் புரிகிறது. அதைப் படிக்கும் தாயின் அன்றைய இரவும் புரிகிறது.

மாற்றுப் பாதை என்றேன். அதற்கு நான் அறிந்ததில் மிக அழகான உதாரணம் சோவியத் நரம்பு உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியாவிடம் வந்த ஒரு சிப்பாய். 1943-இல் ஸ்மோலென்ஸ்க் அருகே நடந்த போரில் குண்டு அவருடைய மண்டையைத் துளைத்தது. எழுத்துகள் மறந்துபோயின. பென்சிலை எப்படிப் பிடிப்பது என்பதே தெரியவில்லை. ஒவ்வோர் எழுத்தாக நினைவுகூர்ந்து எழுத முயன்று தோற்றுக்கொண்டிருந்தார். ஒருநாள், எழுத்தெழுத்தாக யோசிக்காமல், கையைத் தாளிலிருந்து எடுக்காமல், சொல்லை ஒரே வீச்சில் எழுதிப் பார்க்கச் சொன்னார்கள். கை எழுதிவிட்டது! எழுத்தின் வடிவத்தைக் கண்ணுக்குள் தேடும் பாதை அழிந்திருந்தது. கையின் பழக்கம் வேறிடத்தில் அழியாமல் இருந்தது. எழுதியதைப் படிப்பது அவருக்குக் கடைசிவரை பெரும்பாடாகவே இருந்தது. ஆனாலும் சில நாட்களில் ஓரிரு வரி, சில நாட்களில் ஒரு பக்கம் என்று சுமார் 25 ஆண்டுகளில் 3000 பக்கங்கள் அளவுக்குத் தன் கதையை எழுதினார். இழந்தது திரும்பவில்லை. இழந்ததைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி கிடைத்தது. நீண்டகால மீட்சி பெரும்பாலும் இந்த மாதிரியானது.

கண்ணுக்குத் தெரியாதவை

இப்போது மடியில் கிடக்கும் சட்டைக்கு வருவோம். ஒரு வேலையைச் செய்ய நினைப்பதற்கும் அதைத் தொடங்குவதற்கும் நடுவே ஒரு பொத்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது தானாக அழுந்திவிடுவதால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நெற்றிப் பகுதி மூளை அடிபட்டவருக்கு அந்தப் பொத்தான் பழுதாகியிருக்கிறது. "போடுகிறேன்" என்று அவர் சொல்வது பொய்யல்ல; அவர் மனதில் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். திட்டினால் பொத்தான் அழுந்தாது. வெளியிலிருந்து ஒரு தள்ளு வேண்டும், அதுவும் சிறியதாக. "சட்டையைப் போடு" என்பது பெரிய கட்டளை; அதற்குள் ஆறேழு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. "சட்டையைக் கையில் எடு" என்பது சின்னது. எடுத்துவிட்டால் பெரும்பாலும் மீதி தானாக ஓடும். சிலருக்கு அடுத்த படியையும் சொல்ல வேண்டியிருக்கும். படிகளை ஓர் அட்டையில் எழுதிக் கண்ணாடி அருகே ஒட்டி வைத்தால், நாளடைவில் அம்மாவின் குரல் செய்யும் வேலையை அட்டை செய்யும். அம்மா நச்சரிக்கிறார் என்ற சண்டையும் குறையும். அட்டையோடு யாரும் சண்டை போடுவதில்லை.

அடுத்தது களைப்பு. இதை நம் களைப்போடு ஒப்பிடக் கூடாது. பாதி தந்திகள் அறுந்த மூளை, மீதித் தந்திகளைக் கொண்டு அதே வேலையைச் செய்கிறது; அதற்குக் கூடுதல் உழைப்பு தேவை. வீட்டுக்கு நான்கு பேர் வருகிறார்கள். டிவி ஓடுகிறது. இருவர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். குழந்தை ஓடுகிறது. நம் மூளை வேண்டாத சத்தத்தை வடிகட்டிவிடும். அவருடைய மூளையில் எல்லாம் ஒரே அளவில் வந்து மோதுகின்றன. அரைமணி நேரம் சிரித்துப் பேசுவார். பிறகு முகம் வெளிறும், சொற்கள் குழறும், சின்ன விஷயத்துக்குக் கத்துவார், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வந்தவர்கள் புண்பட்டுப் போவார்கள். டிவியை அணைத்து, ஒருவர் ஒருவராகப் பேசி, இருபது நிமிடத்தில் எழுந்து போயிருந்தால் அந்தக் கத்தலே நடந்திருக்காது. களைப்பு வந்த பிறகு ஓய்வு கொடுப்பதைவிட, வருவதற்கு முன்பே இடைவேளை கொடுப்பதுதான் பலன் தரும். கடினமான வேலையை மூளை தெளிவாக இருக்கும் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பலருக்கு அது காலை.

தனக்குக் குறை இருப்பதே தெரியாமல் இருப்பது இன்னொரு சிக்கல். "எனக்கு ஒன்றுமில்லை, நாளைக்கே வண்டி ஓட்டுவேன்" என்பார். இது வீம்பல்ல. தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் கண்ணாடி உடைந்திருக்கிறது. வாதாடிப் பயனில்லை. பாதுகாப்பான ஒரு வேலையைக் கொடுத்து, எவ்வளவு நேரமாகும் என்று முன்கூட்டியே அவரையே சொல்ல வைத்து, முடிந்த பின் இருவரும் சேர்ந்து பார்ப்பது ஓரளவு உதவும். வண்டி விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். மருத்துவர் சோதித்து அனுமதிக்கும்வரை சாவி வேறிடத்தில் இருக்கட்டும். பின்னாளில் இந்தக் கண்ணாடி மெல்ல ஒட்டிக்கொள்ளும்போது, அதாவது தான் இழந்தது என்ன என்று அவருக்கே புரியத் தொடங்கும்போது, சோர்வும் மனச்சோர்வும் வரக்கூடும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு "நன்றாக இருந்தவர் மோசமாகிவிட்டார்" என்று தோன்றும். விநோதம் என்னவென்றால், அது முன்னேற்றத்தின் விளைவாகவும் இருக்கலாம். எப்படி இருந்தாலும் மனச்சோர்வுக்கு மருத்துவம் தேவை.

நினைவாற்றலைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரு தேர்வு வைப்பார்கள்: "நான் யார், சொல் பார்க்கலாம்?" தயவுசெய்து வேண்டாம். 1994-இல் ஆலன் பேட்லி, பார்பரா வில்சன் இருவரும் செய்த ஆய்வு காட்டியது இது: நினைவு பழுதானவர்கள் தவறாக ஊகித்தால் அந்தத் தவறான விடையே பதிந்துவிடுகிறது. சரி எது, தவறு எது என்று பிரித்துப் பார்க்கும் நினைவு அவர்களிடம் இல்லாததால், முதலில் வாயில் வந்ததே அடுத்த முறையும் வருகிறது. ஆகவே ஊகிக்க விடாமல் சரியான விடையை முதலிலேயே கொடுத்துப் பழக்க வேண்டும். "நான் உன் சித்தப்பா, உன்னைப் பார்க்க வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போங்கள். போதும்.

நினைவைப் பயிற்சியால் பழையபடி ஆக்குவது கடினம். அதன் வேலையை வெளியே ஒப்படைப்பது எளிது. பேஜர் காலத்திலேயே இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2001-இல் வில்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், நினைவு, திட்டமிடல் ஆகியவற்றில் சிக்கல் கொண்ட 143 பேர் கலந்துகொண்டனர். குறித்த நேரத்தில் "மாத்திரை சாப்பிடு" என்பது போன்ற செய்தி பேஜரில் வரும். சோதனையை முடித்தவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் அன்றாட வேலைகளைக் கணிசமாக மேம்பட்டுச் செய்தார்கள். இன்று அந்த வேலையை எந்த செல்போனும் செய்யும். அலாரம் அடித்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அலாரத்திலேயே எழுதி வைக்க வேண்டும், அவ்வளவுதான். வெறும் மணியோசை கேட்டால் அவர் அணைத்துவிடுவார், ஏன் அடித்தது என்று தெரியாமல்.

இரும்புக் கம்பியும் குதிரை வண்டியும்

மூளைக் காயம் பற்றி எழுதுகிற எல்லோரும் ஃபினியஸ் கேஜைக் கொண்டுவருவார்கள். நானும் கொண்டுவருகிறேன், ஆனால் கதையின் பின்பாதிக்காக. 1848 செப்டம்பர் 13 அன்று, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில் பாதை வேலையில் மேற்பார்வையாளராக இருந்த 25 வயது கேஜின் இடது கன்னத்தில் ஒரு மீட்டருக்கும் அதிக நீளமுள்ள இரும்புக் கம்பி நுழைந்து உச்சந்தலை வழியாக வெளியேறியது. அவர் பிழைத்தார். ஆனால் பொறுமையற்றவராக, வாய்த்துடுக்குள்ளவராக மாறிவிட்டார், "இவர் கேஜே இல்லை" என்று நண்பர்கள் சொன்னார்கள். பாடப்புத்தகம் இங்கே நிறுத்திவிடும்.

நிறுத்தக் கூடாது. சில ஆண்டுகள் கழித்து கேஜ் சிலி நாட்டுக்குப் போய்ப் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டினார். பல குதிரைகளின் கடிவாளத்தைத் தனித்தனியாகக் கையாள வேண்டிய, பயணிகளோடு பேச வேண்டிய, நேரத்துக்குப் புறப்பட வேண்டிய வேலை அது. தினமும் ஒரே நேரம், ஒரே சாலை, ஒரே வரிசை. காயம் சிதைத்த ஒழுங்கை அந்த வேலையின் ஒழுங்கு வெளியிலிருந்து தாங்கியிருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர் மால்கம் மக்மில்லன் வாதிட்டார். எனக்கு அது ஏற்புடையதாகவே படுகிறது. மறுவாழ்வு மையத்தில் நன்றாக இருந்தவர் வீட்டில் தடுமாறுவதற்குக் காரணமும் அதுதான். அங்கே மணி அடித்தால் பயிற்சி, மணி அடித்தால் சாப்பாடு. ஒவ்வொரு நாளையும் யாரோ ஒருவர் வடிவமைத்துக் கொடுத்திருந்தார். வீட்டில் நாள் வடிவமில்லாமல் கிடக்கிறது.

கேஜ் 1860-இல் இறந்தார், அடுத்தடுத்து வந்த வலிப்பினால். விபத்து நடந்து 11 ஆண்டுகளுக்குப் பிறகு. கடும் மூளைக் காயமடைந்தவர்களுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு பல ஆண்டுகள் கழித்தும் இருக்கிறது. மருத்துவரைக் கேட்காமல் வலிப்பு மாத்திரையை நிறுத்தக் கூடாது. மது கூடவே கூடாது. அடிபட்ட மூளை அதைத் தாங்குவதில்லை, வலிப்பையும் விழுந்து அடிபடுவதையும் அது வரவழைக்கும். இரண்டாவது தலைக்காயம் முதலாவதைவிடச் சிறியதாக இருந்தாலும் பெரிய சேதம் செய்யலாம். ஓய்வெடுத்தும் களைப்பு தீரவில்லை, உடல் எடை மாறுகிறது, மாதவிலக்கு நின்றுவிட்டது என்றால், ஹார்மோன்களைக் கட்டுப்படுத்தும் பிட்யூட்டரி சுரப்பியைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். மெல்லிய காம்பில் தொங்கும் அந்தச் சுரப்பியும் விபத்தில் அடிபடுவதுண்டு. நடை புதிதாகத் தடுமாறினால், சிறுநீர் கட்டுப்பாடு இழந்தால், தெளிவு குறைந்தால், "அவர் அப்படித்தான்" என்று விட்டுவிடாமல் உடனே காட்டுங்கள். மூளையில் நீர் சேர்ந்திருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு.

பார்த்துக்கொள்கிறவர்கள்

கிளாஸ்கோவில் நீல் ப்ரூக்ஸ் குழுவினர் 1986-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கடும் தலைக்காயம் பட்டவர்களின் உறவினர்களிடம், "அவருடைய குணம் மாறியிருக்கிறதா?" என்று கேட்டார்கள். ஓராண்டு முடிவில் 60 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். ஐந்தாண்டு முடிவில் அது 74 விழுக்காடு. குடும்பத்தின் மேல் இருந்த பாரமும் ஆண்டுகள் செல்லச் செல்லக் கூடியதே தவிரக் குறையவில்லை. காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்பவர்கள் இந்த எண்களைப் பார்க்க வேண்டும். முதல் வருடம் "உயிர் பிழைத்தாரே" என்ற நன்றியில் ஓடிவிடுகிறது. உதவிக்கு ஆட்கள் வருகிறார்கள். மூன்றாம் வருடம் யாரும் வருவதில்லை.

மனைவி ஒருத்தி சொல்ல முடியாமல் தவிப்பது இது: கணவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார், ஆனால் தான் மணந்தவர் இவர் இல்லை. இறந்திருந்தால் அழ ஒரு நாள் இருந்திருக்கும். இப்போது அழுதால் "உயிரோடு இருப்பவருக்காக அழலாமா?" என்பார்கள். உளவியலாளர் பாலின் பாஸ் இத்தகைய இழப்புக்குத் "தெளிவற்ற இழப்பு" என்று தனியாக ஒரு பெயரே வைத்து ஆராய்ந்தார். துக்கப்படுவதும் அவரை நேசிப்பதும் ஒரே நேரத்தில் நடக்கலாம், அதில் குற்றவுணர்வு கொள்ள ஒன்றுமில்லை. வாரத்தில் சில மணி நேரமாவது வேறொருவர் பொறுப்பேற்க வேண்டும். அதை உதவியாகக் கேட்காதீர்கள், சிகிச்சையின் ஒரு பகுதியாகக் கேளுங்கள். பார்த்துக்கொள்கிறவர் படுத்துவிட்டால் வீட்டில் இரண்டு நோயாளிகள்.

கடைசியாக, ஒரு நோட்டு வாங்கி வையுங்கள். மாற்றம் அவ்வளவு மெதுவானது; கூடவே இருப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது "எப்படி இருக்கிறார்?" என்ற கேள்விக்கு "அப்படியேதான் இருக்கிறார்" என்று சொல்லிவிட்டு வருவீர்கள். இரண்டு வருடம், மூன்று வருடம் ஆன பிறகும் மறுமதிப்பீடு கேட்கலாம், குறிப்பிட்ட ஒரு வேலைக்காக மட்டும் மீண்டும் சில வாரப் பயிற்சி கேட்கலாம். அப்போது அந்த நோட்டைக் கையில் கொண்டுபோங்கள். பெரிதாக எழுத வேண்டாம். தேதி, ஒரு வரி. இப்படி இருந்தால் போதும்:

மார்ச் 4: குளித்தார். நான்கு முறை சொன்னேன்.

ஜூன் 19: இரண்டு முறை சொன்னேன். சோப்பு போடவில்லை.

நவம்பர் 2: சொல்வதற்குள் குளித்துவிட்டார். துண்டை மட்டும் மறந்துவிட்டு, உள்ளிருந்து கூப்பிட்டார்.